நீலக் கோட்டுக்கு அப்பால்

நுழையும்முன்

ஆறு என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் நீர் தோன்றுகிறது. பனிமலையில் பிறக்கும் ஆற்றுக்கோ நீர் ஒரு பகுதி மட்டுமே. பனி, பாறை, மணல், சரிவு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த ஆறு. சிக்கிம் மாநிலத்தின் தீஸ்தா ஆற்றைச் சான்றாகக் கொண்டு, ஒரு மலையாற்றை முழுமையாக அறிந்த பின்னரே அதன் வழியில் எதையும் எழுப்ப வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

நிலவரைபடங்களில் ஆறுகளை நீல நிறக் கோடுகளாக வரைவது வழக்கம். மலையில் மெல்லியதாகத் தொடங்கும் கோடு சமவெளியில் சற்றுத் தடித்து, கடலிலோ வேறோர் ஆற்றிலோ சென்று முடியும். பள்ளிப் பருவம் முதலே அக்கோட்டைப் பார்த்துப் பழகிய நாம், கோடு தொடங்கும் இடத்தில்தான் ஆறும் தொடங்குகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். மழையை நம்பி ஓடும் ஆறுகளைப் பொறுத்தவரை இந்த எண்ணத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. பனியாறுகளிலிருந்து புறப்படும் மலையாறுகளைப் பொறுத்தவரை இது ஆபத்தான பிழையாகும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரவு, தீஸ்தா ஆற்றின் கரைகளில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் அப்பிழையின் விளைவைச் சுமக்க நேர்ந்தது.

பனியில் பிறந்து வண்டலில் பரவும் ஆறு

தீஸ்தாவின் பிறப்பிடம் சிக்கிமின் வடகோடியில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள பனியாறுகளும் சோ லாமோ முதலிய ஏரிகளும் அதற்கு முதல் நீரைத் தருகின்றன. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய கஞ்சன்ஜங்காவின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஜெமு பனியாற்றின் உருகுநீரும் லாச்சென் என்னும் ஊரருகே இவ்வாற்றில் வந்து கலக்கிறது. லாச்சென் பள்ளத்தாக்கின் வழியே வரும் நீரும் லாச்சுங் பள்ளத்தாக்கின் வழியே வரும் நீரும் சுங்தாங் என்னும் சிற்றூரில் ஒன்றுகூடுகின்றன. அங்கிருந்து ஆழமான மலையிடுக்குகளின் ஊடே தெற்கு நோக்கிப் பாயும் ஆறு, சிங்தாம், ராங்போ ஆகிய ஊர்களைக் கடந்து, ரங்கித் என்னும் பெரிய துணையாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மேற்கு வங்கத்தின் சேவோக் என்னுமிடத்தில் மலையைவிட்டு வெளியேறிச் சமவெளியில் அகன்று பரவுகிறது. பின்னர் ஜல்பைகுரி நகரருகே ஓடி, வங்கதேசத்துக்குள் நுழைந்து, பிரம்மபுத்திராவில் கலக்கிறது. பிறப்பு முதல் கலப்பு வரை அதன் நீளம் சுமார் 400 கிலோமீட்டர்.

இந்தப் பயணத்தில் நாம் கருத வேண்டியது நீளத்தைவிடச் சரிவையே ஆகும். தெற்கு லோனாக் என்னும் பனியாற்று ஏரி சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதிலிருந்து ஆற்றுவழியில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்தாங் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக ஐம்பது மீட்டருக்கு மேல் ஆறு கீழே இறங்குகிறது. இவ்வளவு செங்குத்தாக இறங்கும் நீர், தன் வழியிலுள்ள கல்லையும் மண்ணையும் பெயர்த்து எடுத்துச் செல்லும் வலிமை பெறுகிறது. மலையிடுக்கில் அரித்ததைச் சமவெளியில் படிய வைக்கிறது. படிந்த மணல் உயர உயர, ஆறு தன் பழைய வழியைவிட்டுப் புதிய வழியைத் தேடிக்கொள்கிறது. ஒரு காலத்தில் கங்கையின் ஆற்றமைப்போடு சேர்ந்து ஓடிய தீஸ்தா, 1787ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது கிழக்கே திரும்பிப் பிரம்மபுத்திராவை அடைந்தது. ஆகவே, இடம் மாறுதலும் பெருகி வருதலும் அவ்வாற்றுக்குப் புதியவை அல்ல.

தெரிந்து தெளிவோம்

பனியாறு: பல்லாண்டுகளாகப் பெய்த பனி இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்வது பனியாறு எனப்படும்.

மொரைன்: பனியாறு நகரும்போது உடைத்தும் அரித்தும் சுமந்துவந்து, தன் முனையிலும் பக்கங்களிலும் குவித்துவைக்கும் கல், மணல், களிமண் கலந்த குவியல் மொரைன் எனப்படும்.

யாரும் கட்டாத அணை

பனியாற்று ஏரி எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிந்தால்தான் அதனால் விளையும் ஆபத்தையும் அறிய முடியும். வெப்பம் மிகும்போது பனியாற்றின் முனை உருகிப் பின்வாங்குகிறது. அது முன்பு குவித்துவைத்த மொரைன் மட்டும் ஒரு கரையைப் போல அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. பின்வாங்கிய பனிக்கும் நின்றுவிட்ட கரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் உருகுநீர் தேங்குகிறது. தேங்கிய நீர் பனியின் முனையை மேலும் கரைக்க, பள்ளம் பெரிதாகிறது, ஏரி வளர்கிறது.

இந்த ஏரியைத் தாங்கி நிற்பது எந்தப் பொறியாளரும் வடிவமைத்த சுவர் அன்று. அது பிணைப்பில்லாத கற்களின் குவியல். அதன் உள்ளே பனிக்கட்டி புதைந்திருப்பதும் உண்டு. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் கற்களையும் மண்ணையும் இறுகப் பற்றியிருக்கும் வரை குவியல் நிலைத்து நிற்கிறது. புவி வெப்பமடைந்து அந்த உறைநிலை தளரும்போது பற்றும் தளர்கிறது. அப்போது ஒரு பாறைச் சரிவோ பனிச் சரிவோ ஏரிக்குள் விழுந்தால், எழும் அலை கரையைத் தாண்டி வழிந்து அதை அறுத்துக்கொண்டு பாய்கிறது. இதனையே பனியாற்று ஏரி உடைப்புப் பெருவெள்ளம் என்கிறோம்.

தெற்கு லோனாக் ஏரியின் வளர்ச்சி இதற்குத் தெளிவான சான்று. 1960களில் சிறியதொரு நீர்ப்பரப்பாக இருந்த அது, பனியாறு பின்வாங்கப் பின்வாங்க விரிந்துகொண்டே சென்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் கணக்கீட்டின்படி அதன் பரப்பு சுமார் 167 ஹெக்டேர். ஆறு நாள்களுக்குப் பின், அக்டோபர் 4ஆம் நாள், அதே ஏரியின் பரப்பு சுமார் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இடைப்பட்ட ஓர் இரவில் நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஏரி வடிந்து போயிருந்தது.

அந்த ஒரு நாள் இரவு

அக்டோபர் 3ஆம் நாள் இரவு பத்து மணியளவில் ஏரியின் பக்கவாட்டு மொரைனில் ஒரு பெரும்பகுதி சரிந்து நீருக்குள் வீழ்ந்தது. பின்னர்ப் பல நாட்டு அறிவியலாளர்கள் இணைந்து ஆராய்ந்ததில், சரிந்த உறைமண்ணின் அளவு சுமார் 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர் எனத் தெரியவந்தது. அது எழுப்பிய அலை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்ந்தது. முன்கரை உடைந்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் பள்ளத்தாக்கில் இறங்கியது.

நள்ளிரவையொட்டி அவ்வெள்ளம் சுங்தாங்கை அடைந்தது. அங்கே 60 மீட்டர் உயரத்தில் ஓர் அணை இருந்தது. 1,200 மெகாவாட் திறன் கொண்ட நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட அணை அது. 2017இல் மின்னுற்பத்தி தொடங்கி ஏழு ஆண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், அந்த அணை உடைந்து அடித்துச் செல்லப்பட்டது. தேங்கியிருந்த நீரும் சேர்ந்துகொள்ள, வெள்ளம் இன்னும் பெருகிக் கீழிறங்கியது. பாலங்கள் வீழ்ந்தன, சாலைகள் அறுபட்டன, கரையோர வீடுகள் மண்ணில் புதைந்தன. 55 பேர் உயிரிழந்தனர். 74 பேரைக் காணவில்லை. அவ்வெள்ளத்தின் தாக்கம் வங்கதேசம் வரை உணரப்பட்டது.

இங்கே ஓர் எண்ணிக்கையை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஏரியிலிருந்து வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர். அவ்வெள்ளம் வழிநெடுக அரித்தெடுத்த மண்ணும் கல்லுமோ சுமார் 27 கோடி கன மீட்டர் என அதே ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஏரி தந்த நீரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான நிலம் ஆற்றோடு பெயர்ந்து வந்திருக்கிறது. அன்றிரவு ஊர்களுக்குள் புகுந்தது வெறும் நீரன்று. இடம் பெயர்ந்த மலை. வெள்ளம் வடிந்த பின்னும் அந்த மண் வடியவில்லை. பல இடங்களில் ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது. முன்பு கரைக்குள் அடங்கி ஓடிய மழைநீர் இப்போது சாலைகளிலும் வீடுகளிலும் எளிதாக ஏறுகிறது. ஓர் இரவின் வெள்ளம் பல ஆண்டுகளின் வெள்ளங்களுக்கு வழிவகுத்துச் சென்றுள்ளது.

அறிந்திருந்தும் ஆயத்தமாகவில்லை

இப்பேரழிவு எவரும் எதிர்பாராதது என்று கூறுவது பொருந்தாது. தெற்கு லோனாக் ஏரி விரைந்து வளர்வதைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு இந்திய ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினர். 2016இல் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைப்பதற்காகக் குழாய்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டுப் பொருத்தப்பட்டன. ஏரி உடைந்தால் சுங்தாங்கும் அங்குள்ள அணையும் பாதிப்புக்கு உள்ளாகும் என 2021இல் வெளிவந்த ஆய்வு எச்சரித்தது. கண்காணிப்புக் கருவிகளை நிறுவும் பணியும் 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. கீழுள்ள மக்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பக்கூடிய முழுமையான முன்னெச்சரிக்கை அமைப்பு உருவாவதற்குள் மொரைன் சரிந்துவிட்டது.

அறிவு இருந்தும் அது ஏன் பயன்படவில்லை? ஏரியை ஆராய்ந்தவர்கள் ஒரு சாரார். அணைக்கு வரைபடம் தீட்டியவர்கள் வேறொரு சாரார். கரையில் வீடு கட்ட இசைவளித்தவர்கள் இன்னொரு சாரார். ஒவ்வொருவரும் ஆற்றின் ஒரு துண்டை மட்டுமே கண்டனர். பனியாறு, ஏரி, மலையிடுக்கு, அணை, ஊர், சமவெளி என்று காகிதத்தில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அனைத்தும் நிலத்தில் ஒரே சரிவில் அடுத்தடுத்து அமைந்தவை. மேலே உள்ளது கீழே வந்தே தீரும். இந்த எளிய உண்மை திட்ட ஆவணங்களில் உரிய இடம் பெறவில்லை என்பதே என் கருத்து.

எதிர்வாதமும் அதன் நியாயமும்

இவ்விடத்தில் எதிர்வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். சிக்கிம் ஒரு சிறிய மலை மாநிலம். பெருந்தொழிற்சாலைகளுக்கேற்ற சமநிலம் அங்கே குறைவு. பாய்ந்தோடும் ஆறுகளே அதன் பெருஞ்செல்வம். நீர்மின் திட்டங்கள் மாநிலத்துக்கு வருவாய் தருகின்றன. இளைஞர்களுக்கு வேலை தருகின்றன. நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரம் புவியை வெப்பமாக்குகிறது. அந்த வெப்பமே பனியாறுகளையும் உருக்குகிறது. அவ்வாறிருக்க, கரியின்றி மின்சாரம் தரும் ஆற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது முரண் அல்லவா? மேலும், பிற மாநிலத்தவர் மின்விளக்கின் கீழ் அமர்ந்துகொண்டு மலைமக்களைப் பார்த்து, 'நீங்கள் அணை கட்டாதீர்கள்' என்று கூறுவது முறையா?

இக்கேள்விகள் வலுவானவை. ஆற்றின்மேல் எதையுமே கட்டக்கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. ஆனால், ஓர் அணை தரும் மின்சாரத்தைக் கணக்கிடும்போது, அது நிற்கும் இடத்துக்கு மேலே காத்திருக்கும் ஆபத்தையும் கணக்கிட வேண்டும். ஏழு ஆண்டுக்குள் அடித்துச் செல்லப்பட்ட அணையைத் தூய மின்சாரம் என்னும் ஒரு சொல்லால் மட்டும் நியாயப்படுத்திவிட முடியாது. அது உடைந்தபோது வருவாய் மட்டும் போகவில்லை. கீழுள்ள ஊர்களின் துன்பமும் மிகுந்தது.

உடைந்த இடத்திலேயே, முந்தையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் கற்காரை அணை எழுப்பும் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் ஒன்றிய அரசின் வல்லுநர் குழு பரிந்துரை வழங்கியது. முன்பைவிடப் பெரிய வெள்ளத்தை வெளியேற்றும் வகையில் புதிய அணை வடிவமைக்கப்பட்டுள்ளது என்று கூறப்படுகிறது. அணை வலுவாக அமைவது நன்றே. எனினும், தெற்கு லோனாக் ஏரி முழுவதும் வற்றிவிடவில்லை. அதைச் சூழ்ந்த சரிவுகளும் இன்னும் தளர்ந்தே உள்ளன. அப்பகுதியில் வேறு ஏரிகளும் உள்ளன. 2011 செப்டம்பரில் 6.9 அளவு நிலநடுக்கத்தைக் கண்ட நிலமும் அதுவே. சுவரை உயர்த்துவதற்கு முன் சரிவைப் படிக்க வேண்டும் என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரானது ஆகாது.

செய்ய வேண்டியவை மூன்று

முதலாவது, ஆற்றின் வரைபடத்தில் பனியையும் சேர்க்க வேண்டும். ஆபத்தான ஏரிகளின் நீர்மட்டமும் கரைகளின் அசைவும் இடைவிடாமல் அளக்கப்பட வேண்டும். அந்த அளவீடுகள் ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் கரையோர ஊர்களைச் சென்றடைய வேண்டும். ஏரி உடைந்த பின் வெள்ளம் சுங்தாங்கை அடைய இரண்டு மணி நேரமளவு ஆனது. எச்சரிக்கை ஒலி கேட்டிருந்தால் மேட்டில் ஏறிக்கொள்ள அந்நேரம் போதும். கோடிக்கணக்கான கன மீட்டர் மண்ணை நம்மால் தடுக்க முடியாது. உறங்குபவரை எழுப்ப முடியும்.

இரண்டாவது, திட்டங்களைத் தனித்தனியாக அன்றி ஆற்றை முழுமையாகக் கருதி மதிப்பிட வேண்டும். ஒரே ஆற்றில் அடுத்தடுத்து அணைகள் அமையும்போது, மேலணை உடைந்தால் கீழணை என்னவாகும் என்பதே முதல் வினாவாக இருக்க வேண்டும். அவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைக்காத இடத்தில் திட்டத்தைக் கைவிடும் துணிவும் வேண்டும். ஆறு வெள்ளக்காலத்தில் எட்டும் தாழ்ந்த கரைத்தளங்களில் புதிய குடியிருப்புகளையும் விடுதிகளையும் அனுமதிக்கக்கூடாது. அவை ஆறு தனக்கென விட்டுவைத்த இடங்கள்.

மூன்றாவது, அம்மண்ணில் வாழ்பவர்களின் சொல்லைக் கேட்க வேண்டும். சிக்கிமின் தொல்குடிகளுள் ஒருவராகிய லெப்சா மக்கள், தம் புனித நிலமான ஜோங்கு பகுதியில் அணைகள் வேண்டாம் என்று கூறி 2007இல் உண்ணாநிலைப் போராட்டம் மேற்கொண்டனர். அதன் விளைவாகச் சில திட்டங்கள் கைவிடப்பட்டன. அவர்கள் அறிவியலுக்கு எதிராகப் போராடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த ஆற்றின் இயல்பை நினைவூட்டினார்கள்.

ஒரு பழங்கதையின் பொருள்

லெப்சா மக்களிடையே தீஸ்தா, ரங்கித் ஆகிய இரண்டு ஆறுகளையும் பற்றிய கதை ஒன்று வழங்குகிறது. காதலர்களாகிய இரண்டு ஆறுகளும் மலையிலிருந்து இறங்கி ஓரிடத்தில் சந்திக்க முடிவு செய்தன. தீஸ்தாவுக்கு ஒரு பாம்பு வழிகாட்டியது. ரங்கித்துக்கு ஒரு பறவை வழிகாட்டியது. பறவை இரைதேடி அங்குமிங்கும் அலைந்ததால் ரங்கித் காலந்தாழ்த்தி வந்தது. தனக்கு முன்பே தீஸ்தா வந்து சேர்ந்திருப்பதைக் கண்டு அது சினந்து பொங்க, நாடெங்கும் வெள்ளம் பெருகியது. மக்கள் டெண்டாங் மலையின்மேல் ஏறி உயிர் பிழைத்தனர். தம்மைக் காத்த அம்மலையை இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் விழா எடுத்து வணங்குகின்றனர்.

இக்கதையை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. பனிமலை ஆறு பொங்கக்கூடியது, பொங்கும்போது மேட்டில் ஏற வேண்டும் என்னும் இரண்டு செய்திகளை அச்சமூகம் எழுத்தில் பொறிக்காமல் விழாவில் பொதிந்து வைத்திருக்கிறது. இன்று நம்மிடம் செயற்கைக்கோள் இருக்கிறது, அளவுகருவி இருக்கிறது, கணினி இருக்கிறது. கதை சொன்ன அதே செய்தியைத்தான் அவையும் சொல்கின்றன. கேட்டு நடப்பது மட்டுமே எஞ்சியிருக்கிறது.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆகலாம். சிலர் ஆட்சிப் பணியில் அமரலாம். சிலர் நிலவியல் அறிஞர் ஆகலாம். எங்கோ ஒரு மலையாற்றின் குறுக்கே பாலமோ அணையோ கட்டுவதற்கான கோப்பு உங்கள் மேசைக்கு வரலாம். அப்போது வரைபடத்திலுள்ள நீலக் கோட்டின் தொடக்கப் புள்ளியோடு உங்கள் பார்வை நின்றுவிட வேண்டாம். அதற்கும் மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே உறைந்திருக்கும் பனி எவ்வளவு, அதைத் தாங்கி நிற்பது எது, அது தளர்ந்தால் கீழே உறங்குபவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு கையொப்பமிடுங்கள்.

கற்பவை கற்றபின்

1. நிலவரைபட நூலின் துணையுடன் தீஸ்தா ஆற்றின் போக்கை வரைந்து, பனியாறு, ஏரி, மலையிடுக்கு, சமவெளி ஆகிய பகுதிகளைக் குறிக்க.

2. 'மலை மாநிலங்களின் வளர்ச்சிக்கு நீர்மின் திட்டங்கள் இன்றியமையாதவை' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. இரு தரப்பினரும் இப்பாடத்திலுள்ள செய்திகளைச் சான்றாகக் காட்டுக.

3. உங்கள் ஊரில் ஆறு, ஏரி, வெள்ளம் குறித்துப் பெரியோர் கூறும் செய்திகளைத் திரட்டி, அவற்றில் பொதிந்துள்ள நிலவியல் அறிவைத் தொகுத்து எழுதுக.